பூவரசம் பலகையில் ஒரு லேப் ஸ்டீல் கிட்டார்

முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் காயில் சுற்றியவன் நான். கோயமுத்தூரில், கணபதிப் பக்கம் சின்னப் பட்டறை. கிணற்று மோட்டார், கிரைண்டர், சீலிங் ஃபேன், இதுதான் பிழைப்பு. ஒருநாள் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிற பையன் ஒருவன் ஒரு கறுப்புக் கட்டையைக் கொண்டுவந்து நீட்டி, "அண்ணா, மோட்டார் சுத்தறீங்களே, இதையும் சுத்திக் குடுப்பீங்களா?" என்றான். பிக்கப். பிரித்துப் பார்த்தால் உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி மாதிரி செம்புக் கம்பி. மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுற்றும். இதில் மேலே ஓடுகிற கிட்டார்க் கம்பி ஆடினால் கரண்ட் வரும், அதுதான் ஆம்ப்ளிஃபயரில் சத்தமாகிறது. நம்ம சரக்குத்தான், தலைகீழாக. அன்றைக்குப் பிடித்த கிறுக்கில் இதுவரை மூன்று கிட்டார் செய்துவிட்டேன். முதலாவது அடுப்புக்குப் போனது. இரண்டாவது வாசிக்கலாம், கேட்க முடியாது. மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மற்ற கிட்டார்களை விட்டுவிட்டு லேப் ஸ்டீலைப் பிடித்ததற்குக் காரணம் எளிது. மடியில் படுக்க வைத்து, இடக்கையில் ஒரு இரும்புத் தண்டைக் கம்பிமேல் நகர்த்தி வாசிப்பது இது. விரலால் கம்பியைப் பலகையில் அழுத்துகிற வேலையே இல்லை. அதனால் வீணை மெட்டு மாதிரிக் குறுக்கே ஃப்ரெட் அடிக்க வேண்டாம், கழுத்தை உருட்டிச் செதுக்க வேண்டாம், அது வளையாமலிருக்க உள்ளே இழுவைக் கம்பி வைக்க வேண்டாம். நேராக ஒரு பலகையை இழைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மெட்டு இல்லாத வீணையில் கருங்காலி உருளையை ஓட்டுகிற அதே வித்தைதான். ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிக்கூடத்துப் பையன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிட்டாரை இப்படி வாசிக்க ஆரம்பித்தான் என்பார்கள். ரயில் பாதையில் கிடந்த போல்ட்டை எடுத்துக் கம்பியில் தேய்த்தான் என்று ஒரு கதையும் உண்டு.

உலகத்தில் விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஒன்றே லேப் ஸ்டீல்தான். ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1932ல் கொண்டுவந்தது. உருவத்தைப் பார்த்து ஃப்ரையிங் பேன் என்றே பெயர் விழுந்துவிட்டது. முழுக்க அலுமினிய வார்ப்பு. மேடை விளக்குச் சூட்டில் உடம்பு விரிந்து சுருதி ஓடியது அதன் பெரிய தொல்லை. ஆகவே அலுமினிய ஆசையை விட்டுவிட்டு மரத்துக்கு வருவோம்.

என்ன மரம் என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசிக் கேள்வியாக வைப்பேன். உள்ளே குடைந்த வீணைக்குப் பலா மரம் முக்கியம். ஒன்றரை அங்குல முழுக் கட்டையில் மரம் நேராக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பது மட்டும்தான் முக்கியம். நான் எடுத்தது பூவரசு. ஊரில் களத்துமேட்டில் காற்றுக்குச் சாய்ந்த மரம், அறுத்து மூன்று வருஷம் தாழ்வாரத்து நிழலில் அடுக்கிக் கிடந்தது. வயிரம் நல்ல சாக்லெட் நிறம். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய மரத்திலேயே பிற்காலத்தில் கிட்டார் செய்வேன் என்று யார் கண்டது. பிறகுதான் தெரிந்தது, ஹவாய்க்காரர்களுக்கும் இது சொந்த மரம். அங்கே மிலோ என்கிறார்கள். தேக்கு, வாகை, வேம்பு எதுவும் ஆகும். பச்சை மரம் மட்டும் வேண்டாம். என் முதல் கிட்டார் அடுப்புக்குப் போனது அதனால்தான்; மரக்கடையில் "காஞ்சதுங்க" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த வேங்கை, இரண்டே மாதத்தில் முறுக்கிக்கொண்டு படகு மாதிரி ஆயிற்று.

பலகை 762 மி.மீ. நீளம், 178 அகலம், 38 கனம். அதாவது 30 அங்குலம், 7 அங்குலம், ஒன்றரை அங்குலம். முழு அளவில் பழுப்புக் காகிதத்தில் வரைந்து ஒட்டிக்கொள்ளுங்கள். வால் முனையிலிருந்து 60 மி.மீ. தள்ளி, கம்பியைத் தாங்குகிற குதிரை. அங்கிருந்து 571.5 மி.மீ. தள்ளி, மறுமுனையில் கம்பியைத் தாங்குகிற நட். மீதி 130 தலைப்பகுதி, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற டியூனிங் கீ உட்காருகிற இடம். இந்த 571.5 என்பது 22.5 அங்குலம், பழைய லேப் ஸ்டீல்களில் அதிகம் காணப்படுகிற கம்பி நீளம் இதுதான். நட் பக்கம் அகலம் 70, குதிரைப் பக்கம் முழு அகலம். நடுவில் உங்கள் இஷ்டப்படி வளைத்துக்கொள்ளலாம். நான் வளைக்கவே இல்லை, நேர்க்கோட்டில் சரித்துவிட்டேன். எங்கள் ஆசாரி அதைப் பார்த்து, "ஏனுங்க, துணி தொவைக்கற கட்டைங்களா?" என்றார்.

தலைப்பகுதியை மேலிருந்து 12, அடியிலிருந்து 11 மி.மீ. எடுத்து 15 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடையில் கிடைக்கிற டியூனிங் கீ அந்தக் கனத்துக்குத்தான் பொருந்தும். மேலே 12 எடுப்பதால் கம்பி நட்டைத் தாண்டியதும் கீழே இறங்கும், நட்டை நன்றாக அழுத்தும். பக்கத்துக்கு மூன்றாக வருகிற செட் வாங்குங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் இது; மலிவு கீயில் பல் வழுக்கும், ஆறு கம்பியும் சேர்ந்து 60 கிலோ அளவுக்கு இழுக்கிற இடம்.

இப்போது என் இரண்டாவது கிட்டாரைக் கெடுத்த சங்கதி, நட்டும் குதிரையும். அதற்கு அலுமினிய ஆங்கிள் வைத்தேன். எடை குறைவு, அறுப்பது சுலபம், எல்லாம் சரி. கம்பி இழுவையில் அதன் நிமிர்ந்த காது மெல்ல முன்னால் சாய்ந்தது. சுருதி ஒரு பாட்டுக்கு நிற்காது. மூன்றாவதுக்கு 12 மி.மீ. பித்தளைச் சதுரக் கம்பி, 70 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு ஸ்க்ரூவால் பலகையில் இறுக்கிவிட்டால் யானை இழுத்தாலும் அசையாது.

அதன் மேல்முகத்தைத் தட்டையாக விடக்கூடாது. இரண்டுக்கும் கம்பி ஓடுகிற உட்பக்க விளிம்பு உயரமாக, வெளிப்பக்கம் தாழ்வாக இருக்கும்படி அரம் போட்டுச் சரிக்க வேண்டும். கம்பி அந்த ஒரே விளிம்பில் மட்டும் தொட வேண்டும்; 571.5 அளப்பதும் விளிம்புக்கு விளிம்பு. தட்டையாக விட்டால் கம்பி உராய்ந்து இரையும். தம்புராவின் குதிரை தட்டையாக இருப்பதால்தான் அந்த ரீங்காரம். அங்கே அது அழகு, இங்கே அது எரிச்சல்.

கம்பிக்குக் கம்பி 10 மி.மீ. இடைவெளி, நட்டிலும் குதிரையிலும் ஒரே மாதிரி. கம்பி உட்காருகிற காடியை வெட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாதாரண கிட்டாரில் காடியின் அடியைப் பார்ப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது கம்பியின் முதுகை. தண்டு ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் தொட வேண்டுமென்றால் ஆறு முதுகும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தடித்த கம்பி 1.4 மி.மீ., சன்னக் கம்பி 0.4 மி.மீ.; ஆகவே தடித்ததன் காடி ஒரு மி.மீ. கூடுதல் ஆழம் இறங்க வேண்டும். கொஞ்சம் அரம் போட்டு, கம்பி மாட்டி, ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கழற்றி மறுபடியும் அரம். எனக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது. இந்த வேலையில் அவசரப்பட்டவர்கள் பிறகு பிக்கப்பைத் திட்டுவார்கள், கம்பியைத் திட்டுவார்கள், மரத்தைத் திட்டுவார்கள்.

குதிரையில் கம்பிக்குக் கம்பி முன்னே பின்னே தள்ளுகிற ஏற்பாடெல்லாம் வேண்டாம். கம்பியை யாரும் கீழே அழுத்துவதில்லை, அதனால் அதன் இழுவை கூடுவதில்லை. குதிரை கம்பிக்குக் குறுக்கே நேர் செங்கோணத்தில் இருந்தால் போதும். மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைக்குப் பின்னால் 25 மி.மீ. தள்ளிப் பலகையில் ஆறு துளை, அடிப்பக்கம் 3 மி.மீ. பித்தளைத் தகட்டில் ஆறு 2 மி.மீ. துளை. கம்பி முனையின் உருண்டை தகட்டில் மாட்டி நிற்கும்.

இனி பிக்கப். கடையில் வாங்கலாம்தான். ஆனால் காயில் சுற்றுகிறவன் காசு கொடுத்துக் காயில் வாங்குவதா?

நடுவில் வரும் இரும்பு, 25 மி.மீ. அகலம் 3 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டையில் 60 மி.மீ. துண்டு. செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பிக்கு ஒன்றாக ஆறு காந்தக் குச்சி நிறுத்துகிற வழியும் இருக்கிறது; பட்டை வைத்தால் கம்பி இடைவெளியோடு ஒட்டிப் பார்க்கிற தலைவலி இல்லை. 1.5 மி.மீ. ஹைலம் ஷீட்டில் (கரண்ட் கடத்தாத பலகை) 85க்கு 25 அளவில், காயிலுக்கு மேலும் கீழும் வர இரண்டு கன்னம் வெட்டி, நடுவில் பட்டை நுழையக் காடி போட்டு, உள் இடைவெளி 9 மி.மீ. இருக்கும்படி அரால்டைட்டால் ஒட்டுங்கள். பட்டை மேலே 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும், கீழே 11. கன்னத்தின் உள்விளிம்புகளை எமரித் தாளால் வழவழப்பாக்கி, பட்டையைச் சுற்றி இரண்டு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். கம்பி இரும்பில் நேரடியாகப் படக்கூடாது. கூரான ஒரு பிசிறு இருந்தால் போதும், ஆறாயிரமாவது சுற்றில் கம்பி அறும். எனக்கு 5,600ல் அறுந்தது.

கம்பி 46 கேஜ், எனாமல் போட்டது, 0.061 மி.மீ. ஃபேன் காயிலுக்கு 36 கேஜ் சுற்றிப் பழகிய விரலுக்கு இந்தக் கம்பி கையில் இருப்பதே தெரியாது. சாதாரண ரீவைண்டிங் கடையில் கிடைக்காது. ரிலே காயில் சுற்றுகிறவர்களிடம் கேளுங்கள். 8,000 சுற்று. எடையில் பார்த்தால் 32 கிராம்தான் போகும், 50 கிராம் வாங்கினால் உடைந்த துண்டுகளுக்கும் சேர்த்துத் தாங்கும். கவுண்டர் வைத்த கை மிஷினில் சுற்றினேன். கை மிஷின் இல்லாதவர்கள் டிரில்லிங் மிஷினை மெதுவாக ஓட்டி, கால்குலேட்டரில் எண்ணுகிற ஏற்பாடு செய்துகொள்ளலாம். கம்பியைப் பஞ்சு வைத்த இரண்டு விரலுக்கு நடுவே விட்டு, இறுக்காமல், தொய்யவும் விடாமல் ஓட்ட வேண்டும். மோட்டாரில் வரிசை பிசகாமல் அடுக்குகிற பழக்கத்தை இங்கே மறந்துவிடலாம். இடமும் வலமும் கொஞ்சம் தாறுமாறாக ஓடினால் தப்பில்லை.

முனையைச் சுரண்டி எனாமல் எடுக்கலாம் என்று பிளேடை எடுக்காதீர்கள், கம்பி போய்விடும். ஈயம் தோய்ந்த சால்டரிங் அயர்னை மூன்று விநாடி வைத்தால் எனாமல் தானாக எரிந்து ஈயம் பிடிக்கும். மெல்லிய பல இழை ஒயரில் சேர்த்து, சேர்ந்த இடத்தைக் காயிலோடு டேப்பால் கட்டிவிடுங்கள். மல்டிமீட்டரில் 7 கிலோ ஓம் சுமாருக்குக் காட்டினால் நல்லது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கேயோ அறுந்திருக்கிறது. அவிழ்த்துத் தேடாமல் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி சுற்றுங்கள், அதுதான் நேரம் மிச்சம்.

காந்தம் இரண்டு, ஃபெரைட், 50க்கு 10க்கு 5. கனத்தின் வழியாகக் காந்தமேற்றிய கட்டை அது. ஆகவே அகல முகம்தான் துருவம். கன்னத்துக்குக் கீழே நீட்டியிருக்கிற பட்டையின் இருபக்கமும் ஒவ்வொன்று ஒட்ட வேண்டும். எந்த முகம் உள்ளே? இரண்டையும் கையில் எதிரெதிரே பிடித்துப் பாருங்கள். எந்த இரண்டு முகம் ஒன்றையொன்று தள்ளுகிறதோ அந்த இரண்டும் பட்டையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் காந்த ஓட்டம் பட்டை வழியாக மேலேறிக் கம்பிக்கு வரும். மாற்றி ஒட்டினால் ஒரு காந்தத்திலிருந்து இன்னொன்றுக்கு அடியிலேயே தாண்டிவிடும், மேலே சத்தம் கொசு முனகல் அளவுக்குத்தான். மோட்டாரில் துருவம் மாற்றிப் பழகியவன் நானே முதல் தடவை தப்பாக ஒட்டினேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஒட்டுவதற்கு முன்னால் காயிலை மெழுகில் முக்க வேண்டும். மோட்டார் வார்னிஷ் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும் தொடாதீர்கள், ஒருமுறை இறுகினால் பிறகு பழுது பார்க்க முடியாது. வெள்ளை மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 65 டிகிரிக்கு உருக்கி, குமிழி வருவது நிற்கும்வரை, கால் மணி இருபது நிமிஷம் வையுங்கள். நேராக அடுப்பில் மெழுகை வைத்தால் தீப்பிடிக்கும். மெழுகு ஏறாத காயிலில் சுற்றுகள் தனித்தனியாக அதிரும். சத்தம் கூட்டினால் கீச்சென்று கத்தும்.

குதிரையிலிருந்து 45 மி.மீ. தள்ளிப் பலகையில் 22 மி.மீ. ஆழத்துக்குக் குழி. அடியில் கொஞ்சம் ரப்பர் பஞ்சு வைத்து, இரண்டு முனையில் ஸ்க்ரூ போட்டால் உயரம் மாற்றிக்கொள்ளலாம். சன்னக் கம்பிப் பக்கம் 3, தடித்த பக்கம் 4 மி.மீ. இடைவெளி வைத்துத் தொடங்குங்கள். கிட்டே போனால் சத்தம் பெரிதாகும், ஆனால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து நாதத்தைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

ஒயரிங் சிறு வேலை. 470 கே வால்யூம் கண்ட்ரோல் ஒன்று, டோனுக்கு அதே மாதிரி இன்னொன்று, 223 என்று அச்சடித்த கண்டென்சர், கிட்டார் ஜாக். மைக் ஒயர் என்று கேட்டால் கொடுக்கிற ஷீல்டு ஒயரையே உள்ளே எல்லா இடத்துக்கும் போடுங்கள். குழிக்குள் செம்புத் தாள் ஒட்டி அதையும், பிக்கப் பட்டையையும், குதிரைப் பித்தளையையும் ஜாக்கின் எர்த்தோடு சேர்க்க வேண்டும். குதிரைக்கு ஒயர் போட நான் மறந்துவிட்டேன். ஒரு வாரம் ட்யூப்லைட்டைத் திட்டினேன், ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினேன், வீட்டு எர்த் குழியில் தண்ணீர் ஊற்றினேன். கம்பியைத் தொட்டால் ஹம் கூடுகிறது, ஜாக்கைத் தொட்டால் குறைகிறது என்று பேரன்தான் கண்டுபிடித்தான்.

நட்டுக்கும் பிக்கப்புக்கும் நடுவில் ஃப்ரெட் இல்லாவிட்டாலும் கண்ணுக்குக் கோடு வேண்டும். ஒரு துண்டு கறுப்பு சன்மைகா வெட்டி, கூர் ஊசியால் கீறி, வெள்ளை பெயிண்ட் தேய்த்துத் துடைத்தேன். அளவு எப்போதும் நட் விளிம்பிலிருந்தே. முந்தின கோட்டிலிருந்து அளந்தால் தவறு கூடிக்கொண்டே போகும். 571.5க்கு மி.மீ. கணக்கு இது: 32.1, 62.4, 90.9, 117.9, 143.4, 167.4, 190.1, 211.5, 231.7, 250.8, 268.8, பன்னிரண்டாவது 285.75. அதற்கு மேல் வேண்டுமானால், ஒவ்வொரு அளவையும் பாதியாக்கி 285.75ஓடு கூட்டினால் அடுத்த ஸ்தாயி வரும்.

கம்பி வாங்கும்போது அகூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலச் சுற்றுக் கம்பியைத் தள்ளிவிடுவார்கள். அது காந்தத்துக்குச் சரியாகப் பேசாது. எலெக்ட்ரிக்குக்கான நிக்கல் சுற்று, 13-56 செட் கேளுங்கள் (கம்பியின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு). அதில் 13ஐ மட்டும் எடுத்துவிட்டுத் தனிக் கம்பி 16 போடுங்கள். இந்தக் குட்டை நீளத்தில் 13 தொளதொளவென்று இருக்கும். சுருதி தடித்ததிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. டியை சட்ஜமாக வைத்தால் ச ப ச க ப ச. மோகனம், கல்யாணிக்கு அப்படியே சரி. தோடி, கரகரப்பிரியா வாசிக்கிறவர்கள் அந்தக் காந்தாரக் கம்பியை அரைச் சுரம் இறக்கிக்கொள்ளட்டும்.

தண்டுக்குக் கோயமுத்தூர்க்காரனுக்கு என்ன பஞ்சம், தெருவுக்கு ஒரு லேத். 20 மி.மீ. எஸ்.எஸ். ராடில் 80 மி.மீ. வெட்டி, ஒரு முனையைத் துப்பாக்கித் தோட்டா மாதிரி உருட்டி, 2000 எமரி போட்டு பஃபிங் செய்யச் சொல்லுங்கள். 200 கிராம் இருக்கும். அந்த எடைதான் கம்பியை அழுத்துகிறது, உங்கள் கை இல்லை. முகத்தில் ஒரு கீறல் இருந்தாலும் கம்பியில் கரகரப்பு கேட்கும்.

பாலிஷ் போடுவதற்கு முன்னால், மூளிக் கட்டையிலேயே கம்பி மாட்டி வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டாவது கோட்டுக்கு நேர் மேலே விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் தண்டு வைத்து மீட்டினால் அதே சுரம் வர வேண்டும். தண்டு வைத்த சுரம் சுருதி கூடிக் கேட்டால் குதிரை கிட்டே இருக்கிறது, குறைந்து கேட்டால் தள்ளி இருக்கிறது. குதிரை ஸ்க்ரூவின் துளையை நீளமாக ராவி ஒரு மி.மீ. நகர்த்தலாம். எல்லாம் சரியானபின் கம்பியைக் கழற்றி அரக்கு பாலிஷ், துணி உருண்டையால் ஏழெட்டுப் பூச்சு.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் ஒன்று மட்டும்: கரோக்கி பெட்டியின் மைக் ஓட்டையில் சொருகி, பிக்கப் மந்தமாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த இன்புட் காயிலின் உயிரை உறிஞ்சிவிடும். கிட்டாருக்கென்று இருக்கிற சின்ன ஆம்ப் போதும்.

புதுக் கம்பி இரண்டு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும், அது கீயின் குற்றமில்லை. என்னுடையது இப்போது அந்த மெல்லிசைக் குழுப் பையனிடம் இருக்கிறது. முகூர்த்த சீசன் முடிந்தால் தருகிறேன் என்று போன தை மாதம் வாங்கிப் போனான். தாழ்வாரத்தில் இன்னொரு பூவரசம் பலகை காய்கிறது. எட்டுக் கம்பி, 9 மி.மீ. இடைவெளி. பட்டையை மட்டும் 75க்கு வெட்டி, கம்பி 100 கிராமாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.